சிறைவாசிகளுக்கு மனநல, போதைச் சிகிச்சை: எதை முதலில் தொடங்குவது?

சிறையில் இருப்பவர்களின் மனநோய்க்கும் போதைப் பழக்கத்துக்கும் சிகிச்சை தர வேண்டுமா என்று இனி யாரும் விவாதிக்கத் தேவையில்லை. ஐ.நா. பொதுச்சபை 2015 டிசம்பரில் ஏற்றுக்கொண்ட நெல்சன் மண்டேலா விதிகளில் 24ஆம் விதி அதற்குப் பதில் சொல்லிவிட்டது: வெளியே மக்களுக்குக் கிடைக்கும் அதே தரத்தில், காசு வாங்காமல், சிறைக்குள்ளும் மருத்துவம் கிடைக்க வேண்டும். போதைக்கு அடிமையானவரின் சிகிச்சை நடுவில் அறுபடக் கூடாது என்பதையும் அந்த விதி தனியாகக் குறிப்பிடுகிறது.

சிக்கல் அடுத்த கட்டத்தில் வருகிறது. கையில் பணம் கொஞ்சம், மனநல மருத்துவர்கள் அதைவிடக் கொஞ்சம். சிறைக்குள்ளேயே தனி மனநலப் பிரிவு கட்டலாம் என்கிறார் ஒருவர். மறுவாழ்வு வார்டு வேண்டும் என்கிறார் இன்னொருவர். மாத்திரை கொடுத்தால் போதும் என்பவர் உண்டு, மாத்திரையே கூடாது என்பவரும் உண்டு. இவர்களைச் சிறைக்கே அனுப்பாதீர்கள் என்ற குரலும் கேட்கிறது. எல்லாவற்றையும் ஒரே ஆண்டில் செய்ய எந்த நிர்வாகத்தாலும் முடியாது. எனவே எதை முன்னால் வைப்பது, எதைப் பிறகு பார்த்துக்கொள்வது என்று முடிவெடுத்தாக வேண்டும்.

இதற்கு நான் வைத்துக்கொண்டிருக்கும் அளவுகோல் ஒன்றுதான்: இவர்கள் எப்போது சாகிறார்கள்?

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலச் சிறைகளிலிருந்து 1999க்கும் 2003க்கும் இடையில் விடுதலையான 30,237 பேரைப் பின்தொடர்ந்த ஆய்வு 2007இல் வெளியானது. வெளியே வந்த முதல் 2 வாரங்களில் அவர்கள் இறக்கும் ஆபத்து மற்ற மக்களைவிட 12.7 மடங்கு இருந்தது. போதைப்பொருள் அளவு மீறி இறக்கும் ஆபத்தை மட்டும் பிரித்துப் பார்த்தால் 129 மடங்கு. காரணம் எளிது. ஹெராயின் போன்ற ஓபியாய்டுகளைச் சில வாரம் நிறுத்தினாலே உடம்பு பழைய அளவைத் தாங்கும் சக்தியை இழந்துவிடும். ஆனால் ஆசை போயிருக்காது. பழைய ஆள், பழைய அளவு, புதிய உடம்பு. அந்த ஒரு ஊசி போதும்.

நுழையும் பக்கமும் இதே கதைதான். சிறைத் தற்கொலைகளில் பெரும் பங்கு உள்ளே வந்த முதல் நாட்களில் நடக்கிறது. குடியை ஒரே நாளில் நிறுத்த நேர்ந்தவருக்கு வலிப்பும் சித்தப்பிரமையும் வருவதும் அந்த நாட்களில்தான். ஆக, ஆபத்து உள்ளே வரும் வாசலிலும் வெளியே போகும் வாசலிலும் குவிந்து கிடக்கிறது. ஒவ்வொரு திட்டத்தையும் நான் கேட்கும் கேள்வி, அந்த இரண்டு வாசல்களிலும் நீ என்ன செய்கிறாய் என்பதுதான்.

முதல் இரவு

உள்ளே வருகிறவர்களின் நிலையைச் சில எண்கள் காட்டும். 24 நாடுகளின் 33,588 சிறைவாசிகளைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்தபோது ஆண், பெண் இருபாலரிலும் ஏறத்தாழ 4% பேருக்குச் சைக்கோசிஸ் வகை மனநோய் (நிஜத்தோடு தொடர்பு அறுந்துபோகும் நிலை) இருந்தது. கடும் மனச்சோர்வு ஆண்களில் சுமார் 10%, பெண்களில் 14%. போதைப் பழக்கத்தைத் தனியாகத் தொகுத்த 2017 ஆய்வின்படி, சிறைக்குள் புதிதாக வரும் ஆண்களில் சுமார் 30%, பெண்களில் பாதிப் பேர் போதைப்பொருளால் நோயாளி ஆனவர்கள். குடிநோய் கிட்டத்தட்ட நான்கில் ஒருவருக்கு. இரண்டும் ஒரே ஆளிடம் இருப்பது சாதாரணம். அதனால் மனநலத்துக்கு ஒரு கோப்பு, போதைக்கு ஒரு கோப்பு என்று பிரிக்கும் எந்த ஏற்பாட்டையும் நான் ஏற்பதில்லை.

இவர்களைக் கண்டுபிடிக்க மூன்று வழிகள் நடைமுறையில் இருக்கின்றன. முதலாவது, சேர்க்கை மேஜையில் இருக்கும் காவலரே கேட்பது. வரிசையில் பத்துப் பேர் நிற்கிறார்கள். பெயர், வழக்கு எண், அங்க அடையாளம் எழுதிக்கொண்டே வருகிறவர் அதே மூச்சில் "மனநோய் ஏதாவது இருக்கா?" என்று கேட்கிறார். பின்னால் நிற்பவர்கள் காதில் விழும்படி யார் ஆமாம் என்பார்கள்? "இல்லீங்க சார்." படிவத்தில் ஒரு கோடு விழுகிறது. அன்றைக்குக் காலை வரை மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் என்பது அந்தக் கோட்டோடு மறைந்துபோகிறது.

இரண்டாவது, வருகிற எல்லாரையும் மனநல மருத்துவர் முழுமையாகப் பரிசோதிப்பது. கேட்க நன்றாக இருக்கும். மருத்துவர் வாரம் ஒருநாள்தான் வருகிறார் என்றால் செவ்வாய்க்கிழமை வந்தவர் அடுத்த திங்கள்வரை காத்திருப்பார். முதல் இரவு கைவிட்டுப் போய்விடும்.

மூன்றாவது, தனி அறையில், கதவைச் சாத்திக்கொண்டு, ஒரு நர்ஸ் குறுகிய கேள்விப் பட்டியலை வைத்துப் பேசுவது. சிறைகளுக்கென்றே உருவான எட்டுக் கேள்விப் பட்டியல் ஒன்று உண்டு. மூன்று நிமிடத்துக்குள் முடியும். பெண்களிடம் அதன் துல்லியம் குறைவு என்று அதைச் சோதித்தவர்களே எழுதியிருக்கிறார்கள், அதனால் பெண்கள் சிறையில் அதை மட்டும் நம்பக் கூடாது. இந்த மூன்றாவது வழியைத்தான் நான் எடுப்பேன். கூடவே கடைசியாகக் குடித்தது எப்போது, எவ்வளவு, தூக்க மாத்திரை எடுப்பது உண்டா என்ற கேள்விகளும் வர வேண்டும். குடி நின்ற 6 முதல் 48 மணி நேரத்தில் வலிப்பு வரலாம். 48 முதல் 96 மணி நேரத்தில் உடல் நடுங்கி, இல்லாததைக் கண்டு, உயிரே போகும் நிலை வரலாம். நரம்பை அமைதிப்படுத்தும் பென்சோடயசெபைன் மாத்திரை இதைத் தடுக்கும். தயமின் (வைட்டமின் பி1) ஊசி குடியால் வரும் மூளைப் பாதிப்பைத் தடுக்கும். இரண்டும் மலிவானவை, பழையவை. இவை கைவசம் இல்லாத சிறையில் வேறு எந்தத் திட்டத்தைப் பற்றிப் பேசுவதும் எனக்கு மனம் ஒப்பாத காரியம்.

அந்த முதல் இரவுக்கு இன்னொரு துணையும் உண்டு. 1991இல் பிரிட்டனின் ஸ்வான்சீ சிறையில், சமாரிட்டன்ஸ் என்ற தொண்டு அமைப்பு சிறைவாசிகள் சிலருக்கே பயிற்சி கொடுத்து, மனம் உடைந்திருக்கும் சக சிறைவாசியின் பேச்சைக் காதுகொடுத்துக் கேட்க வைத்தது. அது பிறகு பல சிறைகளுக்குப் பரவியது. சீருடை போட்டவரிடம் வாய் திறக்காதவர்கூட, தன்னைப் போலவே கம்பிக்குள் இருப்பவரிடம் பேசுவார். இதற்கு ஆகும் செலவு பயிற்சிச் செலவு மட்டுமே. மருத்துவருக்குப் பதிலாக இதை வைத்து ஒப்பேற்றினால் மட்டும் அது தவறு.

ஓபியாய்டு பழக்கத்துக்கு எந்த மருந்து?

இங்கேதான் அதிகம் தயங்குகிறார்கள், இங்கேதான் ஆதாரமும் அதிகம் இருக்கிறது.

பல சிறைகளில் இன்றும் நடப்பது, எதுவும் கொடுக்காமல் அப்படியே காய விடுவது. நிறுத்தியதால் வரும் வேதனை இரண்டு மூன்று நாளில் உச்சத்துக்குப் போய் ஒரு வாரத்தில் அடங்கிவிடும், இதனால் யாரும் சாவதில்லை என்பது பழைய நம்பிக்கை. இடைவிடாத வாந்தியிலும் வயிற்றுப்போக்கிலும் உடம்பு நீர் வற்றி, கவனிப்பார் இல்லாமல் செல்லுக்குள் இறந்தவர்கள் உண்டு. அதைத் தாண்டி வந்தவரும் தாங்குசக்தியை இழந்து, ஆசையை மட்டும் வைத்துக்கொண்டு விடுதலை நாளை எண்ணிக்கொண்டிருப்பார். வெளியே போகும் வாசலில் ஆபத்தை உருவாக்குவதே இந்த முறைதான்.

ஹெராயினுக்குப் பதிலாக அளவோடு கொடுக்கும் மெத்தடோன், புப்ரெனார்ஃபின் என்ற இரண்டு மருந்துகளும் 2005 முதல் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கின்றன. சிறைக்குள் இவை என்ன செய்கின்றன என்பதற்கு ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் சிறைகளில் கிடைத்த விடை தெளிவானது: உள்ளே வந்த முதல் 4 வாரங்களில், இந்தச் சிகிச்சையில் இருந்தவர்களின் இறப்பு ஆபத்து, சிகிச்சையில் இல்லாதபோது இருந்ததைவிட 94% குறைவு. வெளியே போகும் வாசலுக்கு இங்கிலாந்து ஆய்வைச் சொல்லலாம்: விடுதலையின்போது சிகிச்சையில் இருந்தவர்களிடம் முதல் 4 வார இறப்பு 75% குறைந்திருந்தது. அமெரிக்காவின் ரோட் ஐலண்டு மாநிலம் 2016இல் தன் சிறைகள் அனைத்திலும் இந்த இரண்டையும், பின்னால் வரும் நால்ட்ரெக்ஸோனையும் கொடுக்கத் தொடங்கியது. 2016இன் முதல் ஆறு மாதத்தில் மாநிலத்தில் போதை அளவு மீறி இறந்தவர்களில் 26 பேர் அண்மையில் சிறையிலிருந்து வந்தவர்கள். 2017இன் அதே ஆறு மாதத்தில் 9 பேர். சிறைகளைத் தொட்டதால் மாநிலத்தின் மொத்தக் கணக்கே மாறியது.

அப்படியானால் இரண்டில் எது? மெத்தடோன் மலிவு. திரவமாக இருப்பதால் கண்காணிப்பதும் சுலபம். சிறை மருந்தகத்தின் சிறு ஜன்னலுக்கு ஒவ்வொருவராக வருவார்கள். நர்ஸ் அளந்து ஊற்றியதை அங்கேயே குடிக்க வேண்டும், மேலே ஒரு குவளைத் தண்ணீர் குடிக்க வேண்டும், பிறகு பெயரைச் சொல்லிக் காட்ட வேண்டும். வாயில் அடக்கி வைத்துக்கொண்டு பேச முடியாது அல்லவா. ஆனால் இது தினமும் நடக்க வேண்டும், ஞாயிற்றுக்கிழமையும் நடக்க வேண்டும். தொடக்கத்தில் அளவை மெல்லத்தான் ஏற்ற வேண்டும். அவசரப்பட்டால் மருந்தே ஆளைக் கொன்றுவிடும். காசநோய்க்கான ரிஃபாம்பிசின் மெத்தடோனை உடம்பிலிருந்து வேகமாக வெளியேற்றிவிடும். சிறைகளில் காசநோய் அதிகம் என்பதால் இந்த ஒரு தகவல் தெரியாத மருத்துவரிடம் நோயாளி படாத பாடு படுவார்: மருந்து சரியாகத்தான் குடிக்கிறார், ஆனாலும் உடம்பு முறுக்குகிறது, "நடிக்கிறான்" என்று பெயர் வாங்குகிறார்.

புப்ரெனார்ஃபின் இன்னும் பாதுகாப்பானது. ஓர் அளவுக்கு மேல் மூச்சை அடக்காது. நாக்குக்கு அடியில் வைத்துக் கரைக்கும் மாத்திரை. கரைய 5 முதல் 10 நிமிடம் ஆகும். அந்தப் பத்து நிமிடம்தான் தலைவலி. பெஞ்சில் வரிசையாக உட்கார வைத்துக் காவலர் பார்த்துக்கொண்டே இருந்தாலும், கரையாத துண்டு சட்டைக் கைக்குள் போய்விடும். சில சமயம் விற்பதற்காகப் போகும். பல சமயம், செல்லில் காத்திருக்கும் பலசாலி கேட்டு மிரட்டியதால் போகும். மருந்து கடத்தப்படுகிறது என்று சொல்லித் திட்டத்தையே மூடும் அதிகாரிகள், மிரட்டப்படுகிறவரைக் காப்பது தங்கள் வேலை என்பதை மறந்துவிடுகிறார்கள்.

இந்தச் சிக்கலை அவிழ்க்கத்தான் வாரம் ஒருமுறை அல்லது மாதம் ஒருமுறை தோலுக்கு அடியில் போடும் புப்ரெனார்ஃபின் ஊசி வந்திருக்கிறது. வரிசை இல்லை, ஒளிக்க எதுவும் இல்லை, மிரட்டுவதற்கும் எதுவும் இல்லை. விலைதான் அதிகம். ஆனால் விடுதலைக்குச் சில நாள் முன்னால் ஒரு மாத ஊசியைப் போட்டு அனுப்பினால், உயிர் போகும் அந்த 2 வாரங்களையும் மருந்து உடம்புக்குள்ளேயே இருந்து கடத்திவிடும். வேறு எந்த மருந்தாலும் இந்த அளவுக்கு முடியாது. அதனால் எல்லாருக்கும் வாங்க முடியாத நிர்வாகம்கூட, விடுதலை நெருங்கியவர்களுக்கும் எப்போது ஜாமீன் வரும் என்று தெரியாத விசாரணைக் கைதிகளுக்கும் இதை வாங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. மற்றவர்களுக்கு மெத்தடோனோ அன்றாட மாத்திரையோ போதும்.

நால்ட்ரெக்ஸோன் மாத ஊசி அதிகாரிகளுக்குப் பிடித்தது, ஏனென்றால் அது ஓபியாய்டு அல்ல. ஓபியாய்டு வேலை செய்யாமல் தடுக்கும் மருந்து அது. ஆனால் 7 முதல் 10 நாள் ஓபியாய்டு எதுவும் உடம்பில் இல்லாதவருக்கே போட முடியும், எனவே உள்ளே வரும் வாசலில் பயன் இல்லை. குற்ற வழக்குகளில் சிக்கியவர்களிடம் நடத்திய 2016 பரிசோதனையில், 24 வாரத்தில் பழையபடி போதைக்குத் திரும்பியவர்கள் ஊசி போட்டவர்களில் 43%, போடாதவர்களில் 64%. நல்ல பலன்தான். ஊசியை நிறுத்தி ஓராண்டு கழித்துப் பார்த்தபோது இரு தரப்புக்கும் வித்தியாசம் இல்லாமல் போயிருந்தது. விரும்பிக் கேட்பவருக்குக் கொடுக்கலாம். மற்ற இரண்டையும் மறுத்துவிட்டு இதை மட்டும் வைத்திருப்பது சிகிச்சை ஆகாது.

ஒரு போதைக்குப் பதில் இன்னொரு போதையா என்று கேட்பவர்கள் எல்லா இடத்திலும் இருக்கிறார்கள். சரியான அளவில் மருந்து எடுப்பவருக்குக் கிறக்கம் வருவதில்லை. எழுந்து குளித்து வேலைக்குப் போகிறார், கடிதம் எழுதுகிறார், வீட்டாரோடு பேசுகிறார். அவர் உயிரோடு இருக்கிறார் என்பதைவிடப் பெரிய எதிர்வாதம் எனக்குத் தெரியவில்லை.

மறுவாழ்வு வார்டும் கவுன்சலிங்கும்

சிறைக்குள் தனிப் பகுதி, அதில் ஒரே சிக்கல் உள்ளவர்கள் கூடி வாழ்ந்து, ஒருவரையொருவர் கேள்வி கேட்டு மாறுவது என்ற முறைக்கு நீண்ட வரலாறு உண்டு. இங்கிலாந்தின் கிரெண்டன் சிறை 1962 முதல் அப்படித்தான் இயங்குகிறது. நீண்ட தண்டனை பெற்று, மாற வேண்டும் என்று தானே முன்வருபவருக்கு இது மதிப்புள்ளது. ஆனால் மாதக் கணக்கில் ஆகும். ஐந்து வாரம் இருந்துவிட்டுப் போகும் விசாரணைக் கைதிக்கு இதில் இடமே இல்லை. வெளியே போன பின்பும் தொடர்ந்து துணை கிடைத்தவர்களிடம்தான் பலன் நிலைக்கிறது. இரு வாசல் கேள்விக்கு இது சொல்லும் பதில் பலவீனமானது. ஆகவே என் வரிசையில் பின்னால்தான் வரும்.

மெத்தாம்ஃபெட்டமைன், கொக்கைன் போன்றவற்றுக்கு நிலைமை வேறு. அவற்றுக்கு மெத்தடோன் போல நிலைநாட்டப்பட்ட மாற்று மருந்து கிடையாது. எனவே கவுன்சலிங்கும், எடுக்காமல் இருந்ததற்குச் சிறு பரிசு கொடுத்து ஊக்குவிக்கும் முறையும்தான் கையில் இருக்கும் சிகிச்சை. உள்ளூரில் எந்தப் போதைப்பொருள் ஓடுகிறது என்று பார்க்காமல் வேறு நாட்டின் திட்டத்தை அப்படியே எடுத்து வைத்தால் பணம் வீணாகும்.

கடும் மனநோய்: உள்ளேயா, மருத்துவமனையிலா?

மண்டேலா விதிகளின் 109ஆம் விதி, கடும் மனநோயால் தன் செயலுக்குப் பொறுப்பாக முடியாதவரையும், சிறையில் இருப்பதாலேயே நோய் முற்றுகிறவரையும் சிறையில் வைக்காமல் மனநல மருத்துவமனைக்கு மாற்றச் சொல்கிறது. 45ஆம் விதி, நோய் மோசமாகும் என்றால் இவர்களைத் தனிமைச் சிறையில் அடைப்பதைத் தடுக்கிறது. ஒரு நாளில் 22 மணி நேரமோ அதற்கு மேலோ அர்த்தமுள்ள மனிதத் தொடர்பு இல்லாமல் அடைப்பதைத்தான் அந்த விதிகள் தனிமைச் சிறை என்கின்றன. ஆனால் சத்தம் போடுகிற, சுவரில் முட்டிக்கொள்கிற ஒருவரைக் காவலர்கள் முதலில் கொண்டுபோய்ப் பூட்டுவது அந்தத் தனி அறையில்தான்.

சிறைக்குள் பெரிய மனநலப் பிரிவு கட்டுவதை நான் ஆதரிக்கவில்லை. திறப்பு விழா நடக்கும், மருத்துவர் பணியிடம் காலியாகவே இருக்கும், கொஞ்ச நாளில் அது தொல்லை தருபவர்களை அடைக்கும் பிளாக் ஆகிவிடும். இத்தாலி எதிர்த் திசையில் போனது. சிறை போலவே இயங்கிய நீதித்துறை மனநல மருத்துவமனைகளை 2014ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் மூடத் தொடங்கி 2017இல் முடித்தது. பதிலுக்கு வந்தவை சுகாதாரத் துறை நடத்தும், 20 படுக்கைக்கு மேல் இல்லாத சிறு இல்லங்கள். அங்கே இப்போது உள்ள குறை, இடம் கிடைக்காமல் சிலர் சிறையிலேயே காத்திருக்க வேண்டியிருப்பது. இது உண்மையான குறை. இருந்தும் அந்தத் திசை சரி என்றே நினைக்கிறேன்.

என் தேர்வு: வாரத்தில் சில நாள் வந்து போகும் சிறு மனநலக் குழு, கூடவே இத்தனை நாளுக்குள் மாற்றியே ஆக வேண்டும் என்று நாள் குறித்த மருத்துவமனை ஏற்பாடு. தொடர் பரிசோதனைக்கு வீடியோவில் மருத்துவர் பார்ப்பது போதும். புதிதாக உடைந்துபோயிருக்கும் ஒருவருக்குத் திரை போதாது. எதிரில் உட்கார ஆள் வேண்டும்.

யார் நடத்துவது? அனுப்பாமலே இருந்தால்?

நார்வே 1988இலேயே சிறை மருத்துவத்தைச் சுகாதாரத் துறையிடம் கொடுத்துவிட்டது. பிரான்ஸ் 1994இல், இத்தாலி 2008இல் அப்படியே செய்தன. சிறைத் துறையின் சம்பளத்தில் இருக்கும் மருத்துவர், "இவரைத் தனி அறையில் வைக்காதீர்கள்" என்று சொல்ல முதலாளியின் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கிறது. சுகாதாரத் துறையே நடத்துவதுதான் சரி. ஆனால் கூட்டிப்போகக் காவலர் இல்லை என்று சொல்லியே மருத்துவச் சந்திப்புகள் ரத்தாகும், அதனால் அழைத்து வரும் கடமையைச் சிறைத் துறையின் மேல் எழுத்தில் சுமத்த வேண்டும்.

சிறைக்கு அனுப்பாமல் சிகிச்சைக்குத் திருப்பிவிடுவது எல்லாவற்றையும்விட மேல். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. மியாமியில் 1989இல் தொடங்கிய போதை நீதிமன்றம் பல நாடுகளுக்குப் பரவியிருக்கிறது. அதில் பார்க்க வேண்டிய இடம், குற்றத்தை ஒப்புக்கொண்டால்தான் சேர முடியும் என்று பல நீதிமன்றங்கள் வைக்கும் நிபந்தனை. நடுவில் தவறினால் முன்பு கிடைத்திருக்கக்கூடிய தண்டனையைவிட நீண்டது கிடைக்கலாம். வழக்கு பதிவதற்கு முன்பே திருப்பிவிடும் முறை இதைவிட நல்லது. எது வந்தாலும் உள்ளே வருபவர்கள் வந்துகொண்டுதான் இருப்பார்கள். சட்டம் மாறட்டும் என்று முதல் இரவுக்கான மாத்திரையை நிறுத்தி வைக்க முடியாது.

வெளியே போகும் வாசல்

ஓபியாய்டு அளவு மீறி மூச்சு நிற்பவரை மீட்கும் மருந்து நலோக்சோன். ஸ்காட்லாந்து 2011 முதல் அதை விடுதலையாகிறவர் கையில் கொடுத்தனுப்பியது. ஓபியாய்டு இறப்புகளில், சிறையிலிருந்து வந்து 4 வாரத்துக்குள் நேர்ந்தவற்றின் பங்கு 2006-10 காலத்தில் 9.8%, 2011-13இல் 6.3%. ஊசியைக் கொடுத்தால் போதாது, வீட்டில் இருப்பவருக்கும் போடத் தெரிய வேண்டும். மயங்கி விழுந்தவர் தனக்குத் தானே போட்டுக்கொள்ள முடியாது.

கூடவே சில நாளுக்கு மாத்திரை, மருந்துச் சீட்டு, வெளியே எந்த மருத்துவரை எந்தத் தேதியில் பார்க்க வேண்டும் என்ற தாள். வெள்ளிக்கிழமை மாலை விடுதலை செய்தால் எல்லா அலுவலகமும் பூட்டியிருக்கும். இங்கிலாந்தும் வேல்ஸும் 2023இல் சட்டம் கொண்டுவந்து, அப்படி வரும் விடுதலையை இரண்டு நாள்வரை முன்னால் நகர்த்த வழி செய்தன. பணமே தேவைப்படாத மாற்றம் இது.

இதிலும் தப்பிப்போகிறவர்கள் விசாரணைக் கைதிகள். காலையில் நீதிமன்றத்துக்குப் போவார்கள், ஜாமீன் கிடைத்து அங்கிருந்தே வீட்டுக்குப் போய்விடுவார்கள். சிறை மருந்தகத்தில் அவர்கள் பெயரில் எடுத்து வைத்த பொட்டலம் அங்கேயே கிடக்கும். எனவே அவர்களுக்கு நலோக்சோனும் மருத்துவரின் தாளும் உள்ளே வந்த முதல் வாரத்திலேயே தயாராகி, நீதிமன்றத்துக்குப் போகும் ஒவ்வொரு முறையும் உடைமைகளோடு அந்த வண்டியில் ஏற வேண்டும்.